கட்டுப் போட்டவரே கட்டைப் பிரிக்கட்டும்

எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஆவதற்குச் சிங்கப்பூரில் எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று கேட்பவர்களிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்கும் பெற்றோருக்கு அது போதும். ஆனால் அண்மையில் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "அண்ணா, கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்வது ஒரு பாதை, ஆராய்ச்சி இன்னொரு பாதை என்கிறார்களே, எதில் போனால் நல்லது?" இந்தக் கேள்விக்கு நின்றபடி விடை சொல்ல முடியவில்லை. இவை இரண்டு பாதைகள் என்பதையே நான் ஏற்பதில்லை. எங்கள் துறையில் ஒன்றில்லாமல் மற்றொன்று அரைகுறைதான் என்று நான் நினைப்பதற்கான காரணத்தைச் சொல்ல, பயிற்சி எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1905ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்த யோங் லூ லின் மருத்துவப் பள்ளியிலும், 2013ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியிலும் எம்பிபிஎஸ் படிப்பு ஐந்தாண்டு. வேறொரு பட்டம் பெற்றபின் சேரக்கூடிய டியூக்-என்யுஎஸ் பள்ளியில் நான்காண்டு. பிறகு மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் ஓராண்டு ஹவுஸ்மேன் பணி. அதன்பின், எலும்பியலில் பயிற்சி இடம் கிடைக்கும்வரை, ஆறு மாதத்துக்கு ஒரு துறை என்று மாறிக்கொண்டே இருக்கும் மருத்துவ அதிகாரிப் பணி. இடம் கிடைத்தால் ரெசிடென்சி எனப்படும் ஆறாண்டுச் சிறப்புப் பயிற்சி. ஆண்களாக இருந்தால் இடையில் தேசிய சேவையும் உண்டு. அதில் ஒரு பகுதியை மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்பும், மீதியைப் பட்டம் பெற்றபின் ராணுவ மருத்துவ அதிகாரியாகவும் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால், ஒருவர் தம் சொந்தப் பெயரில் அறுவை சிகிச்சைப் பட்டியல் வைத்துக்கொள்ளும் நாள் முப்பதுகளின் நடுவில்தான் வரும். உடன்படித்த பொறியாளர்கள் அதற்குள் வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக் கடனில் பாதியை அடைத்திருப்பார்கள்.

ரெசிடென்சி என்ற முறை இங்கே 2010ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்பு அடிப்படை அறுவைப் பயிற்சி, மேல்நிலை அறுவைப் பயிற்சி என்று இரு படிகளாகப் பிரிட்டிஷ் வழியில் நடந்துகொண்டிருந்ததை அமெரிக்க வழிக்கு மாற்றினார்கள். சிங்ஹெல்த், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமம், தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமம் ஆகிய மூன்று பொது மருத்துவமனைக் குழுமங்களும் பயிற்சியை நடத்தும் பொறுப்பை ஏற்றன. அமெரிக்க முறையோடு வந்த பணிநேர வரம்பின்படி, நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியாளர் வேலை செய்யக்கூடாது. இந்த எண்ணைக் கேட்டு வெளியாட்கள் திகைக்கிறார்கள்; மூத்த மருத்துவர்களோ, இவ்வளவு குறைவாக வேலை செய்தால் கை எப்படிப் பழகும் என்று இன்றும் முணுமுணுக்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு இரவு விழித்தவரின் கையில் துளைக்கருவியைக் கொடுப்பதில் யாருக்கும் நன்மை இல்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் வெளியாட்களின் பக்கம்தான்.

அமைப்பு அமெரிக்காவுடையதாக மாறினாலும் தேர்வுகளில் பிரிட்டன் போகவில்லை. தொடக்க ஆண்டுகளில், பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் கல்லூரிகளின் உறுப்பினர் தேர்வான எம்ஆர்சிஎஸ் தேற வேண்டும். இறுதியில் வரும் வெளியேறும் தேர்வை, 1505ஆம் ஆண்டு முதல் இயங்கும் எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியும் சிங்கப்பூர் மருத்துவக் கழகமும் கூட்டாக நடத்துகின்றன. எழுத்துத் தாள்களைத் தாண்டியவர்கள், உண்மையான நோயாளியின் முன்னால் நின்று தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க மூட்டை ஆராய வேண்டும். அதன்பின் வாய்மொழித் தேர்வில் ஓர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி அடுத்து என்ன செய்வாய், அது தோற்றால் என்ன செய்வாய், அதுவும் தோற்றால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இதில் தேறி, சிறப்பு மருத்துவர் அங்கீகார வாரியத்தின் சான்றும் கிடைத்தபிறகுதான் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறும்.

இனி, உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதற்கு வருகிறேன். எலும்பியலில் இரவுப் பணிக்கு வரும் மருத்துவ அதிகாரி முதலில் தனியே கையாளப் பழகுவது பெரும்பாலும் மணிக்கட்டு முறிவைத்தான். குளியலறையில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்த மூதாட்டி ஒருவர் அவசரப் பிரிவில் உட்கார்ந்திருப்பார். கையைப் பக்கவாட்டில் பார்த்தால் முள்கரண்டியின் வளைவு தெரியும். முறிந்த இடத்தில் கட்டியிருக்கும் இரத்தத்துக்குள்ளேயே மரப்பு மருந்தை ஊசியால் செலுத்திவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். ஒரு தாதி முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்ள, நாம் நோயாளியின் விரல்களைப் பற்றிச் சீராக இழுக்க வேண்டும். முறிவு விலகியிருக்கும் பக்கமாகவே முதலில் சற்றுக் கூடுதலாக வளைத்து, கொக்கியிட்டு நிற்கும் விளிம்புகளை விடுவித்து, பிறகுதான் எதிர்ப்பக்கம் கொண்டுவர வேண்டும். வலுவாக இழுத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எலும்பு வராது. வந்துவிட்டால் அது கைக்குத் தெரியும். படத்தில் தெரிவதற்கு முன்பே தெரியும்.

அதன்பின் மாவுக்கட்டு. நனைத்த சுண்ணப் பட்டையை வைத்துச் சுற்றிவிட்டு, அது இறுகும்வரை மூன்று இடங்களில் உள்ளங்கையின் சதையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் கட்டின் உட்பக்கம் குழி விழுந்து தோலைப் புண்ணாக்கும். கட்டு இறுகும்போது சூடேறும். அந்தச் சூடு அடங்கும்வரை கையை எடுக்கக்கூடாது. கட்டு நேராகவும் அழகாகவும் வந்திருக்கிறதே என்று மகிழும் பயிற்சியாளரிடம், நேரான எலும்பு வேண்டுமென்றால் கட்டு வளைந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஆசான்கள் சொல்வார்கள். மூன்று முனைகளிலும் அழுத்தம் சரியாக இருந்தால் கட்டு வளைந்துதான் இருக்கும். கடைசியாக, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்திருக்கின்றனவா என்று கேட்டுக் குறித்துவிட்டு, மறுபடியும் ஒரு படம் எடுத்து, ஒரு வாரத்தில் கிளினிக்குக்கு வரச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்த ஒரு வாரத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. வீக்கம் வடிந்ததும் கட்டுத் தளர்ந்து, எலும்பு மெல்லப் பழையபடி விலகிய நிலைக்குச் சரிகிறதா, நிற்கிறதா என்பது அந்தக் கிளினிக் படத்தில்தான் தெரியும். ஆனால் கிளினிக்கில் எந்த அறைக்கு எந்த நோயாளி என்பதை வரிசை எண் தீர்மானிக்கிறது. கட்டுப் போட்டவர் அன்று இரவுப் பணி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது வார்டில் இருப்பார். வேறொருவர் படத்தைப் பார்த்து, சரிந்துவிட்டது, தகடு பொருத்த வேண்டும் என்று எழுதுவார். கட்டுப் போட்டவருக்கு அது தெரியவே தெரியாது. தாம் போடும் கட்டுகள் எல்லாம் நின்றுவிட்டன என்ற நம்பிக்கையோடு அவர் அடுத்த துறைக்கு மாறிப் போவார்.

நம்மவர்களில் மூத்த தலைமுறையினர் பலர் இன்றும் நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர்க் கட்டைப் பற்றிக் கேட்பதுண்டு. ஊருக்குப் போயிருந்தபோது கால் பிசகி, மூங்கில் தப்பையும் பச்சிலையும் வைத்துக் கட்டிக்கொண்டு விமானத்தில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகமாக இறுக்கிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போன கைகளைப் பற்றிய கட்டுரைகள் இந்திய மருத்துவ இதழ்களில் நிறையவே வந்திருக்கின்றன. ஆகவே அந்த வைத்தியத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அதில் ஒன்று மட்டும் எங்கள் பயிற்சியில் இல்லை. கட்டுப் போடும் வைத்தியரிடமேதான் நோயாளி அடுத்த கட்டுக்கும் திரும்பி வருகிறார். கட்டியவரே அவிழ்த்துப் பார்க்கிறார். தம் கைவேலை என்ன ஆயிற்று என்பதிலிருந்து அவர் தப்பிக்க முடியாது.

மணிக்கட்டு முறிவுக்காவது ஆறு வாரத்தில் விடை தெரியும். பெரிய அறுவை சிகிச்சைகளில் இந்தக் கால இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளும். இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவருக்குப் பாதி இடுப்பு மூட்டை மாற்றுவது, ரெசிடென்ட் ஒருவர் முழுமையாகச் செய்யப் பழகும் முதல் பெரிய அறுவைகளில் ஒன்று. கூடுமானால் 48 மணி நேரத்துக்குள் அறுவையை முடிக்க வேண்டும் என்பது நோக்கம், ஏனென்றால் படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் முதுகுத் தோலுக்கும் கேடு. 2030ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. இந்த அறுவைக்கு ஆள் குறையப்போவதில்லை. முதல் ஆண்டில் வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் கொக்கியைப் பிடிப்பவர் அடுத்து தோலைத் தைப்பார். பிறகு தசைகளைப் பிரித்து மூட்டுவரை போக விடுவார்கள். தொடை எலும்பின் உட்குழியை அரத்தால் செதுக்கும் வேலை அதற்குப் பின்னர்தான். அந்த அரத்தைச் சுத்தியலால் தட்டி இறக்கும்போது ஓசையைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அரம் இன்னும் இறங்க இடமிருந்தால் ஓசை மந்தமாக இருக்கும். எலும்பின் சுவரில் இறுகி அமர்ந்ததும் சுருதி ஏறும். அதற்குமேல் ஒரு தட்டுத் தட்டினால் எலும்பு பிளக்கும். இதைப் புத்தகத்தில் படித்துப் பயனில்லை. எதிரே நிற்கும் மூத்தவர் "போதும்" என்று சொல்லும் கணத்தில் காதில் விழுந்தது என்ன என்பதை நினைவில் வைத்துக்கொள்வதுதான் பயிற்சி.

இந்த அறுவைகளைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். எதை உதவியாளராகச் செய்தோம், எதை மேற்பார்வையில் செய்தோம், எதைத் தனியே செய்தோம் என்று அதில் கட்டங்கள் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நோயாளி மீண்டும் நடந்தாரா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ரெசிடென்ட் ஒரு மருத்துவமனையில் பெரும்பாலும் சில மாதங்கள்தான் இருக்கிறார். டான் டோக் செங் மருத்துவமனையில் இருந்தவர் கூ டெக் புவாட்டுக்குப் போவார், சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இருந்தவர் சாங்கிக்கோ செங்காங்குக்கோ போவார், சிறார் எலும்பியலுக்காகக் கேகே மருத்துவமனைக்குப் போவார். முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பின் முறிவு கூடிவர நான்கைந்து மாதம் ஆகலாம். செயற்கை மூட்டு நன்றாகப் பொருத்தப்பட்டதா என்பதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு கழித்துத்தான் நேர்மையான விடை கிடைக்கும். பயிற்சி முழுவதிலும் ஒருவர் தம் கைவேலையின் முடிவைப் பார்ப்பது தற்செயலாகத்தான். மருத்துவமனையை விட்டுப் போனபின், ஆர்வத்தால்கூடப் பழைய நோயாளியின் மின்பதிவைத் திறந்து பார்க்க அனுமதி கிடையாது. தனியுரிமை விதி அப்படி, அது சரியான விதியும்கூட.

அந்தக் கதவு முறையாகத் திறப்பது ஆய்வு என்ற வழியில்தான். ஒரு கேள்வியை எழுதி, நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்று, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட அறுவை செய்துகொண்டவர்கள் எல்லாரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்க்கும்போது, பயிற்சியாளர் முதல்முறையாகத் தம் வேலையின் பின்விளைவைப் பார்க்கிறார். அந்த மாணவரிடம் நான் சொல்ல விரும்பியது இதுதான். எங்கள் துறையில் கல்விசார் ஆய்வைப் பதவி உயர்வுக்கான அலங்காரமாக நினைக்கிறார்கள். கட்டுப் போட்டவர் கட்டைப் பிரித்துப் பார்க்க இந்த அமைப்பு விட்டுவைத்திருக்கும் ஒரே வழி அதுதான்.

இதை உலகத்துக்கு முதலில் உணர்த்தியவர்கள் ஸ்வீடன் நாட்டினர். அங்கே செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 1975ஆம் ஆண்டிலும் இடுப்பு மூட்டுகளுக்கு 1979ஆம் ஆண்டிலும் தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். யார், எந்த வகை மூட்டை, யாருக்குப் பொருத்தினார்கள், அதை எப்போது மறுபடி மாற்ற வேண்டி வந்தது என்பதை மட்டும் ஆண்டுதோறும் குறித்தார்கள். தனி மருத்துவர் ஒருவர் ஆண்டுக்குச் சில மூட்டுகள் கெட்டுப்போவதைப் பார்த்தால் அது நோயாளியின் விதி என்று நினைத்துவிடுவார். நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் அது மூட்டின் குறை என்று தெரியும். ஆஸ்திரேலியா 1999ஆம் ஆண்டில் தன் பதிவேட்டைத் தொடங்கியது. உலோகத்தின்மேல் உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டு, மற்றவற்றைவிட விரைவாகத் தோற்கிறது என்ற எச்சரிக்கை அந்தப் பதிவேட்டிலிருந்து 2007ஆம் ஆண்டிலேயே வந்தது. 2010ஆம் ஆண்டில் அந்த மூட்டு உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அதைப் பொருத்தியவர்களில் பலர் மிகத் திறமையான கைகள் கொண்டவர்கள். கைத்திறன் மட்டும் அவர்களுடைய நோயாளிகளைக் காப்பாற்றவில்லை.

இங்கேயும் அதற்கான அடித்தளம் உண்டு. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் மூட்டு மாற்று செய்துகொள்பவர்களை அறுவைக்கு முன்பும், ஆறு மாதத்திலும், இரண்டாண்டிலும், அறுவை செய்த மருத்துவர் அல்லாத வேறொருவர் அளந்து குறிக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அந்தக் குறிப்புகளிலிருந்து எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் பிறந்திருக்கின்றன. அளக்கப் பயன்படுவனவற்றுள் ஒன்று ஆக்ஸ்ஃபர்டு முழங்கால் மதிப்பெண். பன்னிரண்டு கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண். இரவில் வலிக்கிறதா, பேருந்தில் ஏறி இறங்க முடிகிறதா, மாடிப்படி இறங்க முடிகிறதா, தனியாகக் கடைக்குப் போய்வர முடிகிறதா என்றெல்லாம் கேட்கும்.

அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஈசூனில் வசிக்கும் மூதாட்டி ஒருவரிடம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுவை முடிந்து இரண்டாண்டு. மதிப்பெண் 44, எந்தக் கட்டுரையிலும் அவர் வெற்றிக் கணக்கில்தான் சேருவார். படிவத்தை நான் மூடும்போது அவர் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பூசை அறையில சம்மணம் போட்டு உட்கார முடியலையே. அதுக்குத்தானே காலைக் கொடுத்தேன்?" நான் "அம்மா, இந்த மூட்டு அந்த அளவுக்கு மடங்காது" என்று சொன்னேன். "அதை முன்னாலேயே யாரும் சொல்லலையே" என்றார். அந்தப் பன்னிரண்டு கேள்விகளில் மண்டியிட்டு எழுவதைப் பற்றி ஒன்று உண்டு. சம்மணம் போடுவதைப் பற்றி இல்லை. ஆக்ஸ்ஃபர்டில் யாரும் தரையில் உட்கார்ந்து சாமி கும்பிடாததால் அது விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் தொழுகைக்காக மண்டியிடும் மலாய்ப் பெரியவருக்கும், குந்தி உட்கார்ந்தே பழகிய சீன மூதாட்டிக்கும், இந்த அம்மாவுக்கும் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அப்படியானால் அதிகமாக மடங்கும் மூட்டைப் பொருத்தினால் என்ன என்று இளைஞர்கள் உடனே கேட்பார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. தென்கொரியாவில் அவ்வகை மூட்டு பொருத்தப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் 2007ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மூட்டுகளில் தொடை எலும்பில் பொருத்திய பாகம் சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிட்டதைக் காட்டினார்கள். குந்துவதும் மண்டியிடுவதும் முடிந்தவர்களிடம்தான் அது அதிகம் தளர்ந்திருந்தது. அதாவது, நோயாளி விரும்பியதைக் கொடுத்த மூட்டே அவரைக் கைவிட்டது. எல்லா இடங்களிலும் அந்த அளவுக்குத் தோல்வி வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இப்படி ஒரு கேள்வி கிளினிக்கில் பிறந்து, ஆய்வுக்குப் போய், அங்கிருந்து மறுபடி அறுவை மேசைக்கு வருகிறது. ஆய்வையும் அறுவையையும் பிரித்துவைத்தால் இந்தச் சுற்று எங்கேயோ அறுந்துபோகும்.

நடைமுறை இவ்வளவு அழகாக இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எலும்பியல் ரெசிடென்சி இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆகவே விண்ணப்பத்தில் வெளியீடுகளின் எண்ணிக்கை பேசுகிறது. மருத்துவ அதிகாரிகள் இன்னும் ஓர் எலும்பைக்கூடத் தனியாகப் பொருத்தாத நிலையில் கட்டுரை எழுதத் தொடங்குகிறார்கள். அரிதான நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்பு, பழைய பதிவுகளைத் துழாவி எடுத்த அட்டவணை, பத்துப் பேர் பெயர்களோடு ஒரு மாநாட்டுச் சுவரொட்டி. நான் பயிற்சி பெற்ற இடங்களில் ஒன்றில், நோயாளியைப் பார்க்காமலேயே தரவை மட்டும் நிரப்பிக் கொடுத்தால் பட்டியலில் பெயர் சேரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடாக இருந்தது. அதை ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி வேலை செய்த இளைஞர்கள் பின்னாளில் ஆய்வு என்றாலே முகம் சுளிப்பதும் அதனால்தான். கேள்வியே இல்லாத விடைகளைத் தேடிக் களைத்தவர்கள் அவர்கள்.

உண்மையாகவே ஆய்வில் காலூன்ற விரும்புபவர்களுக்கு வழிகள் உண்டு. டியூக்-என்யுஎஸ் பள்ளியில் மூன்றாம் ஆண்டை ஆய்வுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ரெசிடென்சியின்போதோ அதன் பின்னரோ தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுக்கான முதுநிலைப் பட்டம் படிக்கலாம். இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்கள் முனைவர் பட்டத்துக்குப் போகிறார்கள். தேசிய மருத்துவ ஆய்வு மன்றம், பயிற்சிக் கட்டத்தில் இருப்பவர்கள் முதல் மூத்த மருத்துவ விஞ்ஞானிகள்வரை படிப்படியாக நிதி வழங்குகிறது. அந்த நிதியின் உண்மையான மதிப்பு பணத்தைவிட நேரத்தில்தான் இருக்கிறது. வாரத்தில் சில நாள்களை ஆய்வுக்கென்று ஒதுக்கி, அந்நாள்களில் கிளினிக்குக்கு இழுக்கக்கூடாது என்று துறைத் தலைவரிடம் சொல்ல முடிகிறது. ஆனால் அறுவை மருத்துவர் ஆய்வுக்குப் போனால் கை துருப்பிடிக்கும் என்ற அச்சம் வீண் அச்சமல்ல. மூன்றாண்டு ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தவர் முதுகெலும்பில் திருகாணி பொருத்தத் தயங்குவது இயல்பு. அதனால் எலும்பியலில் முழுநேர ஆய்வகத்தைவிட, நோயாளிகளின் முடிவுகளை அளக்கும் ஆய்வே பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. குருத்தெலும்பை வளர்க்கும் ஆய்வில் இறங்கியவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

பயிற்சி முடிந்து, சிறப்பு மருத்துவரின் முதல் படியான இணை ஆலோசகர் ஆனபின், பலர் சுகாதார அமைச்சின் எச்எம்டிபி என்ற பயிற்சி நிதித் திட்டத்தின் உதவியோடு ஓராண்டு வரை வெளிநாட்டில் துணைத்துறைப் பயிற்சி பெறுகிறார்கள். முதுகெலும்பு, பாதம், விளையாட்டுக் காயம், எலும்புப் புற்று என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போகிறார்கள். கை அறுவை மட்டும் இங்கே தனித் துறை, அதற்குத் தனி ரெசிடென்சி. மணிக்கட்டுக்குக் கீழே ஆர்வம் உள்ளவர்கள் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். பெண்கள் எலும்பியலுக்கு வருவது இன்னும் குறைவாகவே இருக்கிறது. உடல்பலம் வேண்டும் என்ற சாக்கு இப்போதும் சொல்லப்படுகிறது. விலகிய இடுப்பு மூட்டை உள்ளே தள்ளுவதற்கு வேண்டியது சரியான கோணமும் தசை தளரும்வரை பொறுமையும்தான். அதை எங்கள் பெண் ரெசிடென்ட்கள் பலமுறை காட்டிவிட்டார்கள்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது சுருக்கமானது. எலும்பியல் பணிக்கு வந்ததும், நீங்கள் கட்டுப் போட்டவர்களின் பட்டியலைத் துறையின் தணிக்கை வேலையாகப் பதிவு செய்யச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள்; முறையான அனுமதியோடு ஒரு வாரப் படத்தையும் ஆறு வாரப் படத்தையும் நீங்களே பாருங்கள்; எத்தனை சரிந்தன, ஏன் சரிந்தன என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். அது எந்த இதழிலும் வராமல் போகலாம். நேர்காணலில் அதைப் பற்றி உங்களால் அரைமணி நேரம் பேச முடியும். பதினோராவது பெயராக வந்த கட்டுரையைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேச முடியாது.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டிலிருந்து உறவினர்களும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எம்பிபிஎஸ் முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, மூன்றாண்டில் எம்எஸ் எலும்பியல் பெற்றுவிடலாம். ஆண்டுக் கணக்கில் அது குறுகிய பாதை, பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையோ இங்குள்ளதைவிடப் பன்மடங்கு. ஆனால் அந்தப் பட்டத்தோடு வந்தால் இங்கே தானாகவே சிறப்பு மருத்துவராகப் பதிவாகிவிட முடியாது. முதலில், அடிப்படை மருத்துவப் பட்டம் தந்த கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும். 160ஆக இருந்த அந்தப் பட்டியலை 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 103ஆகக் குறைத்தார்கள், அதன் பின்னரும் அதில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. பட்டியலில் இருந்தாலும் மேற்பார்வையின் கீழ்தான் தொடங்க வேண்டும்; சிறப்புத் தகுதியை அங்கீகார வாரியம் தனியே மதிப்பிடும். பிள்ளையை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டுப் பிறகு இங்கே கொண்டுவரலாம் என்று நினைக்கும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கும் இதே விதிதான். முன்பணம் கட்டுவதற்கு முன்பு, மன்றத்தின் இணையத்தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் இன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; முகவர் காட்டும் பழைய தாளை நம்ப வேண்டாம்.